கூண்டுக்கு எந்தப் பக்கம்: ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படங்களின் 56 ஆண்டுகள்

1958-ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் தழுவல் திரைக்கதைக்கான விருது, அந்தத் திரைக்கதையில் ஒரு வரிகூட எழுதாதவருக்குப் போய்ச் சேர்ந்தது. படம் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. விருது பெற்றவர் பியேர் பௌல், பிரெஞ்சில் மட்டுமே எழுதிய நாவலாசிரியர். மூலக்கதை அவருடையதுதான். ஆனால் திரைக்கதையை எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்டுகளைத் தேடிப்பிடிக்க அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவுக்கு ஒத்துழைக்க மறுத்ததால் இருவரும் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தார்கள். அவர்கள் பெயரைத் திரையில் போட எந்த ஸ்டூடியோவும் தயாராக இல்லை. 1984-இல்தான் அகாடமி அந்த விருதை அவர்கள் பெயருக்கு மாற்றியது. அதற்குள் இருவருமே காலமாகியிருந்தார்கள்.

அந்த விழாவுக்குப் பத்தாண்டு கழித்து, 1968-இல், பௌலின் இன்னொரு நாவலும் வில்சனின் இன்னொரு திரைக்கதையும் ஒரே படத்தில் மறுபடி சந்தித்தன. இம்முறை வில்சனின் பெயர் திரையில் வந்தது. படம் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’. பேசும் குரங்குகள் ஆள, பேச்சற்ற மனிதர்கள் கூண்டில் கிடக்கும் உலகம். அதிலிருந்து 2024 வரை பத்துப் படங்கள், இரண்டு தொலைக்காட்சித் தொடர்கள், எண்ணற்ற பொம்மைகள். விண்கலம், காலப்பயணம், அணுகுண்டு, வைரஸ் என்று அறிவியல் புனைவின் சாமான்கள் எல்லாம் இவற்றில் உண்டு. ஆனால் மொத்தத்தையும் வரிசையாகப் பார்த்தால் மனதில் நிற்பது வேறு ஒரு விஷயம்: கேமரா கூண்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது? எசமானின் கண் வழியாகத் தொடங்கிய கதை மெல்ல மெல்ல அடிமையின் பக்கம் நகர்கிறது. அடிமை கையை ஓங்கும் தறுவாயில் மட்டும் யாரோ வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு முறையும்.

பௌல் கூண்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவர். 1912-இல் அவிஞ்ஞோனில் பிறந்து, பொறியியல் படித்து, 1936-இல் மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வெள்ளைக்கார மேலாளர்கள் அவர்களுக்குத் ‘துரை’கள். பௌல் அந்தத் துரைமார் உலகத்தில் வாழ்ந்தவர். அந்த அனுபவத்தை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறார். போர் வந்ததும் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, இந்தோசீனாவுக்குள் ரகசியமாக நுழையப் பார்த்தபோது 1942-இல் மெக்கோங் ஆற்றில் பிடிபட்டார். பிடித்தவர்கள் ஜப்பானியர் அல்ல; ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசுக்கு விசுவாசமாக இருந்த சொந்த நாட்டவர்கள். ஆயுள் முழுக்கக் கடுங்காவல் என்று தீர்ப்பு. 1944-இல் தப்பி வந்தார்.

ஆனாலும் அவர் கண் யார்மேல் நிலைத்தது என்பதை குவாய் நாவலே காட்டிவிடும். நாவலின் களமான, ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் செத்தவர்களில் பெருந்தொகையினர் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து வாரிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அதில் ஏராளம். நாவலின் மையத்தில் நிற்பதோ ஒரு பிரிட்டிஷ் கர்னலும் அவருடைய வீரர்களும். இலங்கையின் கித்துல்கலயில் களனி ஆற்றின்மேல் பாலம் கட்டிப் படமாக்கியபோதும் அதே கதைதான். பால்வெட்டுக் கூலிகளின் சாவைப் படிக்க வேண்டுமென்றால் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற மலேசியத் தமிழ் நாவல்களைத்தான் தேடிப் போக வேண்டும்.

1963-இல் வந்த குரங்கு நாவலிலும் பார்வை மேட்டிலிருந்து கீழே போகிறது. உலிஸ் மெரூ என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளன் தொலைதூர நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கோளில் இறங்குகிறான். அங்கே குரங்குகள் கார் ஓட்டுகின்றன, பங்குச் சந்தை நடத்துகின்றன, விமானத்தில் பறக்கின்றன. இந்த நிலை எப்படி வந்தது? முன்பு மனிதர்கள் குரங்குகளை வீட்டு வேலைக்கு வைத்திருந்தார்கள். சோம்பேறித்தனம் முற்றியது. வேலைக்காரக் குரங்கு ஒருநாள் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்தது, பிறகு எதிர்த்துப் பேசியது, பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டது. காலனியம் கலைந்துகொண்டிருந்த ஆண்டுகளில் எழுதப்பட்ட பகுதி இது. நையாண்டி என்று பௌல் நினைத்திருக்கலாம். எனக்கு அது, வேலைக்காரர்களின் வாய் நீண்டுவிட்டது என்று மாலை விருந்தில் அங்கலாய்க்கும் ஒரு துரையின் கெட்ட கனவாகவே படுகிறது.

அந்தக் கனவைத் திரைக்குக் கொண்டுவர அலைந்தவர் ஆர்தர் பி. ஜேக்கப்ஸ், நடிகர்களுக்கு விளம்பரம் பார்த்துவிட்டுத் தயாரிப்பாளராக மாறியவர். ‘ட்விலைட் ஸோன்’ புகழ் ராட் செர்லிங் முதல் திரைக்கதைகளை எழுதினார். நாவலில் இருந்தபடி நவீன நகரம் கட்டினால் செலவு கட்டுப்படியாகாது என்பதால், பாறையைக் குடைந்தது போன்ற பழமையான ஊராக மாற்றினார்கள். சிக்கனம் கலைக்கு உதவிய அபூர்வமான தருணங்களில் ஒன்று. ஸ்டூடியோவின் பயம் வேறு: நடிகர் குரங்கு முகத்தோடு வந்தால் கொட்டகையில் சிரித்துவிடுவார்களே! 1966-இல் சார்ல்டன் ஹெஸ்டனையும் எட்வர்ட் ஜி. ராபின்சனையும் வைத்து ஒரு சோதனைக் காட்சி எடுத்துப் பார்த்த பிறகே ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் சம்மதித்தது. படத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 58 லட்சம் டாலர். ஒப்பனை அதில் கணிசமான பகுதியை விழுங்கியது.

ஒப்பனைக் கலைஞர் ஜான் சேம்பர்ஸ் அதற்கு முன்பு, போரில் மூக்கும் காதும் தாடையும் இழந்த வீரர்களுக்குச் செயற்கை உறுப்புகள் செய்து பொருத்தியவர். அந்தக் கைப்பழக்கம் குரங்கு முகத்தில் தெரிகிறது. முழு முகமூடி மாட்டிவிடாமல், துண்டு துண்டாக நுரைரப்பர் பாகங்களை ஒட்டி, நடிகரின் தசை அசைவு வெளியே வரும்படி செய்தார். கண்கள் மட்டும் நடிகருடையவை. ஒரு முகம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல். ஒப்பனைக்கென்று தனி ஆஸ்கர் பிரிவு இல்லாத காலத்தில் அகாடமி அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தது. படப்பிடிப்பில் நடந்த ஒரு விஷயத்தை ஹெஸ்டனும் மற்றவர்களும் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். மதிய உணவு வேளையில் சிம்பன்சி வேடக்காரர்கள் சிம்பன்சிகளோடும், கொரில்லாக்கள் கொரில்லாக்களோடும், ஒராங்குட்டான்கள் ஒராங்குட்டான்களோடும் தாமாகவே பிரிந்து உட்கார்ந்தார்களாம். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

கதைக்குள்ளும் அதே அடுக்கு. ஆட்சியும் வேதமும் ஒராங்குட்டான்களிடம், துப்பாக்கி கொரில்லாக்களிடம், ஆராய்ச்சி சிம்பன்சிகளிடம். கோட்டா முறை ஒழிந்துவிட்டதே, பின் ஏன் இன்னும் நம்மை மட்டமாகப் பார்க்கிறார்கள் என்று இரண்டு சிம்பன்சிகள் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நம் ஊர் வாசகர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ளக் கூடும். இங்கே கோட்டா என்பது கைதூக்கிவிடும் ஏற்பாடு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் யூதர்களுக்கு வைத்திருந்த கோட்டாவோ ‘இத்தனை பேருக்கு மேல் வராதே’ என்ற உச்சவரம்பு. சிம்பன்சிகள் பேசுவது இந்த இரண்டாவது வகையை.

வில்சனின் கையெழுத்து பளிச்சென்று தெரிவது விசாரணைக் காட்சியில். விண்வெளி வீரன் டெய்லர் (ஹெஸ்டன்) மூன்று ஒராங்குட்டான் நீதிபதிகள் முன் நிறுத்தப்படுகிறான். அவனுக்குப் பேச வரும் என்பது தெரிந்தும் பேச அனுமதி இல்லை. குரங்கு அல்லாத உயிருக்குக் குரங்குச் சட்டத்தில் உரிமை கிடையாது. கொஞ்ச நேரத்தில் வழக்கு அவனை விட்டுவிட்டு, அவனுக்காகப் பரிந்து பேசிய சிம்பன்சி விஞ்ஞானிகள் ஸீராமீதும் கொர்னீலியஸ்மீதும் திரும்புகிறது. குற்றம்: வேதத்துக்கு விரோதமான ஆராய்ச்சி. நீதிபதிகளில் ஒருவர் டாக்டர் ஸேயஸ்; அறிவியல் அமைச்சரும் அவரே, மதக் காவலரும் அவரே. வில்சன் 1951-இல் இப்படிப்பட்ட ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்தவர். ஸீராவாக நடித்த கிம் ஹண்டரும் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய கையோடு கறுப்புப் பட்டியலில் சிக்கி வாய்ப்பிழந்தவர். குரங்கு முகத்துக்குப் பின்னாலிருந்து அவர் நீதிபதிகளைப் பார்க்கும் பார்வைக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. நடுவில் மூன்று நீதிபதிகளும் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொள்ளும் சேட்டை ஒன்று வருகிறது. அதை வெட்டியிருந்தால் காட்சி இன்னும் கனத்திருக்கும்.

மணலில் பாதி புதைந்த சுதந்திர தேவி சிலையோடு படம் முடியும் விதம் உலகறிந்தது. ஆனால் அந்த அதிர்ச்சி யாருடையது? டெய்லருடையது. வெள்ளை அமெரிக்கன் கூண்டில் அடைபட்டால், கழுத்தில் கயிறு கட்டி இழுக்கப்பட்டால், குழாயால் நீர் பீய்ச்சி அடக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்பதுதான் 1968-இன் பயங்கரம். பர்மிங்ஹாமில் கறுப்பினச் சிறுவர்கள்மீது தீயணைப்புக் குழாய்கள் திருப்பப்பட்டு ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. டெய்லரோடு வந்த மூவரில் ஒருவன் டாட்ஜ், கறுப்பின விஞ்ஞானி. குரங்குகளின் வேட்டையில் அவன் சுடப்பட்டுச் சாகிறான். பிறகு தப்பியோடும் டெய்லர் ஓர் அருங்காட்சியகத்துக்குள் புகும்போது, பாடம் செய்யப்பட்ட மனித உடல்களுக்கு நடுவே டாட்ஜும் நிற்கிறான். சில நொடிகள்தான். கேமரா டெய்லரோடு ஓடிவிடுகிறது.

அடுத்த மூன்று படங்களுக்குமான திரைக்கதைகள் பால் டெஹ்ன் என்ற ஆங்கிலேயரிடமிருந்து வந்தன. கவிஞர், திரை விமர்சகர், ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தின் இணை எழுத்தாளர், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ரகசியப் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். இந்தப் படவரிசையைப் பற்றிப் பேசுகிறவர்கள் செர்லிங்கைக் கொண்டாடும் அளவுக்கு டெஹ்னைக் கொண்டாடுவதில்லை; அநியாயம் என்றே சொல்வேன். அவருடைய முதல் முயற்சியான ‘பினீத்’ (1970) சுமார்தான். செலவைக் குறைத்துவிட்டதால் கூட்டத்தில் நிற்கும் குரங்குகளுக்குக் கடைமுகமூடி. தன் பாத்திரத்தைக் கொன்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஹெஸ்டன் சிறிது நேரம் வந்துபோகிறார். கடைசியில் ஓர் அணுகுண்டு பூமியையே அழித்துவிடுகிறது. கதை தீர்ந்தது என்று எல்லாரும் எழுந்து போக, அடுத்த பாகம் வேண்டும் என்று டெஹ்னுக்குத் தந்தி வந்தது.

பூமியே இல்லாதபோது அடுத்த பாகம் எங்கே நடக்கும்? டெஹ்ன் கண்டுபிடித்த வழி, படவரிசையையே புரட்டிப் போட்டது. அழிவுக்குச் சற்று முன்பு கொர்னீலியஸும் ஸீராவும் டெய்லரின் விண்கலத்தில் கிளம்பி, காலத்தில் பின்னோக்கி 1973-இன் கலிஃபோர்னியாவில் வந்து இறங்குகிறார்கள். ‘எஸ்கேப்’ (1971) படத்தில் இப்போது அந்நியர்கள் குரங்குகள், கூண்டு மனிதர்களுடையது. பார்வையாளர் முதல்முறையாகக் கூண்டுக்கு உள்ளே, குரங்குகளோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் பாதி பூராவும் வேடிக்கை: புதுச்சட்டை, விருந்து, பத்திரிகைப் பேட்டி. பிறகு அருங்காட்சியகத்தில் பாடம் செய்யப்பட்ட ஒரு கொரில்லாவைப் பார்த்து ஸீரா மயங்கி விழுகிறாள். டாட்ஜை நினைவு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காட்சியின் வலி இரண்டு மடங்கு. மருந்து கொடுத்துப் பேசவைக்கும்போது, தன் உலகத்தில் தானும் மனிதர்களை அறுத்து ஆராய்ந்ததை அவளே ஒப்புக்கொள்கிறாள். தூய பலியாடாக அவளைக் காட்டாதது டெஹ்னின் நேர்மை. அரசாங்கம் வேட்டையாடித் தாய் தந்தையைக் கொல்கிறது. குழந்தையை ஒரு சர்க்கஸ்காரர் மறைத்துக் காப்பாற்றுகிறார்.

அதே படத்தில் கொர்னீலியஸ் ஒரு வரலாறு சொல்கிறான். ஒரு கொள்ளைநோய் நாய்களையும் பூனைகளையும் கொன்றது, மனிதர்கள் குரங்குகளைச் செல்லப் பிராணிகளாக வளர்த்தார்கள், செல்லம் அடிமையானது. ஒருநாள் ஒரு குரங்கு முதல்முதலாக வாயைத் திறந்து, மனிதர்களைப் பார்த்து மறுப்புச் சொன்னது. குரங்கினத்தின் முதல் பேச்சே ‘மாட்டேன்’தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

‘கான்குவெஸ்ட்’ (1972) அந்த வரலாற்றை நேரில் காட்டுகிறது. எனக்கு இந்தப் பத்துப் படங்களில் இதுதான் முக்கியமானது. செலவு சுமார் 17 லட்சம் டாலர், முதல் படத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கதை நடப்பது 1991-இல். எதிர்கால நகரத்தைக் கட்டப் பணமில்லாததால் லாஸ் ஏஞ்சலஸின் செஞ்சுரி சிட்டியிலேயே எடுத்துவிட்டார்கள். ஃபாக்ஸ் நிறுவனம் பணமுடையில் விற்ற சொந்த ஸ்டூடியோ நிலத்தில் எழும்பிய கான்கிரீட் வட்டாரம் அது. இயக்குநர் ஜே. லீ தாம்ஸன். சீருடை போட்ட குரங்குகள் மேஜை துடைக்கின்றன, புத்தகம் அடுக்குகின்றன, பயிற்சிக்கூடத்தில் அடிபட்டு அடங்குகின்றன, ஏலத்தில் போகின்றன. சர்க்கஸில் வளர்ந்த குழந்தை இப்போது இளைஞன். ஆளுநர் பிரெக் ஏலத்தில் எடுத்த அந்த அடிமைக்குப் பெயர் வைக்க ஒரு புத்தகத்தை நீட்டுகிறார். குத்துமதிப்பாகத் தொடுவது போல் அவன் விரல் வைக்கும் பெயர் சீசர். படிக்கத் தெரியாது என்று நினைத்தவர் முன்னால் படித்துத் தேர்ந்தெடுத்த பெயர் அது.

கலகம் நடக்கும் இரவை தாம்ஸன் செய்திப்படம் போல் எடுத்திருக்கிறார்: ஆடும் கேமரா, தீ, கவசம் அணிந்த போலீஸ் வரிசை. 1965 ஆகஸ்டில் அதே நகரத்தின் வாட்ஸ் பகுதியில் நடந்த எழுச்சியில் 34 பேர் இறந்திருந்தார்கள். அதன் தொலைக்காட்சிப் படிமங்கள் அமெரிக்கர் கண்ணில் இன்னும் காயவில்லை. படம் அதை ஒளிக்கவும் இல்லை. ஆளுநரின் உதவியாளர் மெக்டொனால்ட் கறுப்பினத்தவர். நீயாவது புரிந்துகொள்ள வேண்டாமா என்று சீசர் அவரிடம்தான் கேட்கிறான்.

இந்த உருவகத்தில் ஒரு விஷம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் தாண்டக் கூடாது. கறுப்பின மக்களைக் குரங்கென்று ஏசுவது அமெரிக்க இனவெறியின் மிகப் பழைய வசை. அவர்களுடைய விடுதலைப் போராட்டத்தைக் குரங்குகளைக் கொண்டு உருவகிப்பது அந்த வசையையே கதையாக்குவது ஆகாதா? எரிக் கிரீன் 1996-இல் இந்தப் படங்களின் இன அரசியலை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். என் கணிப்பில் மெக்டொனால்டின் இருப்புதான் படத்தை ஓரளவு காப்பாற்றுகிறது. கறுப்பின மனிதர் ஒருவர் மனிதராகவே நின்று, தன் முன்னோர் பட்டதை இன்னோர் இனம் படுவதைப் பார்த்துத் தவிக்கிறார். மின்சாரம் பாய்ச்சிச் சீசரைக் கொல்லப் போகும்போது மின் இணைப்பைத் துண்டிக்கிறார். காப்பாற்றுகிறது என்றேன், முழுதாக அல்ல.

டெஹ்னும் தாம்ஸனும் எடுத்த முடிவு இது: கைதியான பிரெக்கை கொரில்லாக்கள் துப்பாக்கிக் கட்டையால் அடித்துக் கொல்கின்றன, சீசர் மனித ஆட்சியின் முடிவை அறிவிக்கிறான். வெளியீட்டுக்கு முன் ஃபீனிக்ஸ் நகரில் சோதனைக் காட்சி வைத்தபோது பார்வையாளர் மிரண்டார்கள். திரும்பப் படமெடுக்கப் பணமில்லை. ஆகவே வெட்டி ஒட்டினார்கள். சீசராக நடித்த ராடி மெக்டவல் புதிதாகச் சில வரிகள் பேசிப் பதிவு செய்தார்: பழிவாங்கல் வேண்டாம், கருணையோடு ஆள்வோம் என்கிற பொருளில். வாயசைவு பொருந்தாதே? சீசரின் கண்களை மட்டும் அண்மைக் காட்சியாக வைத்துப் பேச்சை அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சில வரிகளில் படத்தின் முதுகெலும்பு முறிந்துவிட்டது.

அந்த மாற்றத்தில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சீசர் மனம் மாறக் காரணம், அவன் துணை லிசா பேசும் முதல் சொல். வேண்டாம் என்கிறாள். கொர்னீலியஸ் சொன்ன வரலாற்றில் அந்த மறுப்பு எசமானை நோக்கி அடிமை சொன்னது. ஸ்டூடியோ வெட்டி ஒட்டிய படத்தில் அதே மறுப்பை எசமானைக் காப்பாற்ற ஓர் அடிமை மற்ற அடிமைகளைப் பார்த்துச் சொல்கிறாள். கலகத்தின் சொல்லைக் கலகத்தை அடக்கவே பயன்படுத்திக்கொண்டார்கள். திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அவசரத்தில் கைக்கு வந்ததைச் செய்யும்போதுதான் உள்மனம் வெளியே வரும். வெட்டப்படாத வடிவம் 2008-இல் புளூ-ரே வட்டில் வந்தது.

மிச்சத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘பேட்டில்’ (1973) சமரசத்தைப் பற்றிய களைத்த படம். குரங்கு குரங்கைக் கொல்லலாகாது என்ற சட்டம் மையத்துக்கு வருவது மட்டும் பின்னாளுக்குப் பயன்பட்டது. அந்த ஆண்டு ஜூனில் ஜேக்கப்ஸ் 51 வயதில் இறந்தார். 1974-இன் தொலைக்காட்சித் தொடர் 14 அத்தியாயத்தில் நின்றது. 2001-இல் டிம் பர்ட்டன் பத்து கோடி டாலர் செலவில் முதல் படத்தை மறு ஆக்கம் செய்தார். ரிக் பேக்கரின் ஒப்பனை அபாரம், மற்றது மறக்கத்தக்கது. ஒரு காட்சி தவிர: அமெரிக்கத் துப்பாக்கிச் சங்கத்தின் அப்போதைய தலைவரான ஹெஸ்டன், சாகக் கிடக்கும் கிழட்டுச் சிம்பன்சியாக வந்து, மனிதனின் கொடூரத்துக்குச் சாட்சியாக மகனிடம் ஒரு துப்பாக்கியை ஒப்படைக்கிறார். அதைக் கேட்டு வாங்கி நடித்தாரா, சிரித்துக்கொண்டே நடித்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

இடைப்பட்ட காலத்தில் உண்மையான சிம்பன்சிகளைப் பற்றிய பார்வை மாறிவிட்டிருந்தது. 1961 ஜனவரியில் ஹாம் என்ற சிம்பன்சியை அமெரிக்கா விண்வெளிக்கு அனுப்பியது. நெம்புகோலைச் சரியாக இழுத்தால் வாழைப்பழச் சுவையில் வில்லை, தவறினால் பாதத்தில் மின் அதிர்ச்சி என்று பயிற்சி. டெய்லருக்குக் கூண்டில் நடந்த பரிசோதனைகளை எழுதியவர்கள் வெகுதூரம் கற்பனை செய்யத் தேவையிருக்கவில்லை. 1960-இல் கோம்பேயில் ஜேன் குடால், சிம்பன்சிகள் குச்சியைக் கருவியாக்கிக் கறையான் பிடிப்பதைக் கண்டார். 1966 முதல் வாஷோ என்ற சிம்பன்சிக்கு நெவாடாவில் சைகை மொழி கற்பிக்கப்பட்டது. கதையைப் புதிதாகத் தொடங்கிய ‘ரைஸ்’ (2011) இந்தப் பின்னணியில் எழுந்தது. ரிக் ஜாஃபாவும் அமாண்டா சில்வரும் எழுதிய திரைக்கதையில் விண்கலப் பயணமோ காலப்பயணமோ இல்லை. ஒரு மருந்துக் கம்பெனி, ஆல்ஸைமருக்கு ஒரு மருந்து, வீட்டில் வளரும் சீசர் என்ற ஒரு சிம்பன்சிக் குட்டி, அவ்வளவுதான். படம் வந்த அதே ஆண்டின் இறுதியில், சிம்பன்சிகள்மீதான மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்று அமெரிக்க நிபுணர் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. 2015-இல் தேசிய சுகாதார நிறுவனம் அவற்றுக்கு ஆதரவளிப்பதையே நிறுத்தியது. படத்தால் நடந்தது என்றல்ல. இரண்டும் ஒரே காற்றில் வந்தவை.

இங்கே ஒப்பனை இல்லை. சீசராக வந்த ஆண்டி செர்கிஸ் முகத்தில் புள்ளிகள் வைத்து, தலையில் சிறு கேமராவை மாட்டிக்கொண்டு நடித்தார். வேட்டா டிஜிட்டல் கலைஞர்கள் அந்த நடிப்பின்மேல் சிம்பன்சியை வரைந்தார்கள். ஸ்டூடியோ அறைக்குள் மட்டுமே செய்துவந்த இந்த வேலையை வெளிப்புறத்துக்கும் கொண்டுவந்தது பெரிய பாய்ச்சல். புதிய நான்கு படங்களுமே காட்சி விளைவுக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டன; ஒன்றுகூட வெல்லவில்லை. செர்கிஸுக்கு நடிப்புக்கான பரிந்துரைகூட இல்லை. ரப்பர் முகத்துக்குச் சிறப்பு விருது கொடுத்த அகாடமிக்கு, இந்த முகத்துக்குள் ஒரு நடிகர் இருக்கிறார் என்பது புலப்படவில்லை.

‘ரைஸ்’ படத்தின் நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். வளர்ந்த வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு விலங்குக் காப்பகக் கூண்டில் அடைக்கப்படும் சீசர், தன் பழைய அறையின் வட்டச் சன்னலைச் சுவரில் வரைகிறான். அதன்மேல் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஒருநாள், அழைத்துப்போக யாரும் வர மாட்டார்கள் என்று தெளிந்ததும், அதைத் தானே அழிக்கிறான். வசனம் கிடையாது. கேமரா கூண்டுக்குள்ளேயே தங்கிவிட்டது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம். அங்கே கொடுமைப்படுத்தும் காவலாளியின் பெயர் டாட்ஜ் லேண்டன். 1968-இல் செத்த டாட்ஜ், மூளையை அறுத்து ஊமையாக்கப்பட்ட லேண்டன், இரண்டு பேரின் பெயரும் சேர்ந்தது. டெய்லர் அன்று குரங்குகளைப் பார்த்துக் கத்திய வசனத்தை இவன் கத்துகிறான். பதிலாகச் சீசரின் வாயிலிருந்து முதல் சொல் வருகிறது. மறுப்பு, எசமானின் முகத்துக்கு நேராக. 1972-இல் திசை மாறிப் போன சொல் உரிய இடத்துக்கு வந்துவிட்டது.

இப்படிச் சொல்லி நிறுத்திக்கொண்டால் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? கலகம் செய்யும் குரங்குகளுக்கு நகரம் வேண்டாம், காடு போதும். மனித குலத்தை அழிப்பது அவர்கள் அல்ல, ஆய்வகத்திலிருந்து பரவும் வைரஸ். எசமானர்கள் செத்துத் தீர வேண்டும், அடிமையின் கையில் ரத்தம் படக் கூடாது. 1972-இல் கத்தரிக்கோல் செய்ததை இப்போது கிருமி செய்கிறது. ‘வார்’ (2017) இன்னும் வெளிப்படை. முகாமில் குரங்குகளை அடிமை வேலை வாங்கும் கர்னல், நோய் தாக்கி, சீசர் சுடாமல் நிற்க, தானே சுட்டுக்கொண்டு சாகிறான். மிச்சப் படையைப் பனிச்சரிவு மூடிவிடுகிறது. படமாக்கப்பட்ட விதம் அற்புதம்தான். ஆனால் இரண்டு படத்தில் இரண்டு முறை இயற்கை வந்து அடிமையின் வேலையை முடித்துக் கொடுத்தால், சந்தேகப்படாமல் என்ன செய்வது?

சந்தேகத்தை உறுதிப்படுத்துவது ‘டான்’ (2014) படத்தின் கோபா. ஆய்வகங்களில் ஆயுளைக் கழித்த குரங்கு. ஒரு கண் போய்விட்டது. மனிதர்கள் அணையைப் பழுது பார்க்க வந்திருக்கிறார்கள், அவர்கள் வேலையை அவர்கள் பார்க்கட்டும் என்று சீசர் சொல்லும்போது, கோபா தன் உடம்பின் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இதுவும் மனிதர்கள் பார்த்த வேலைதான் என்கிறான். சீசரின் மூன்று புதிய படங்களிலும் இதற்கு ஈடான வாதத்தை யாரும் வைக்கவில்லை. ஆயுதக் கிடங்கில் இரண்டு குடிகாரக் காவலர்கள் முன்னால் அவன் சர்க்கஸ் குரங்கு போலக் குட்டிக்கரணம் போட்டு, உதட்டைப் பிதுக்கிச் சிரிக்கவைத்து, பாட்டிலை வாங்கிக் குடித்து, அவர்கள் அசந்த நேரத்தில் துப்பாக்கியை எடுத்துச் சுடும் காட்சியும் அப்படித்தான். அடக்கப்பட்டவன் எசமான் முன்னால் போட்டுக்கொண்டிருந்த வேடத்தை அவ்வளவு கச்சிதமாக வேறெங்கும் காட்டவில்லை. இயக்குநர் மேட் ரீவ்ஸுக்கு அவன் வலி புரிகிறது. இருந்தாலும் திரைக்கதை அவனை வில்லனாக்கி, சீசரின் கையாலேயே உயரத்திலிருந்து விழச் செய்கிறது. ஸ்டாலினின் பழைய புனைபெயரை அவனுக்கு வைத்ததே ஒரு முன்தீர்ப்பு.

‘கிங்டம்’ (2024) பல தலைமுறை கழிந்து தொடங்குகிறது. சீசர் செத்து வேதமாகிவிட்டான். புரோக்ஸிமஸ் என்ற அரசன் அந்தப் பெயரையும் வாக்கையும் எடுத்துக்கொண்டு மற்றக் கூட்டங்களை அடிமைப்படுத்துகிறான். கழுகு வளர்க்கும் கூட்டத்தின் இளைஞன் நோவா நாயகன். படம் நீளம், நடுவில் தொய்வு. இயக்குநர் வெஸ் பாலுக்கு ரீவ்ஸின் பிடிமானம் இல்லை. ஆனால் மே என்ற மனிதப் பெண்ணின் பாத்திரம் இந்த வரிசையில் புதிது. அவளுக்குப் பேச வரும், அதை மறைக்கிறாள். உதவி செய்த குரங்குகளிடம் பொய் சொல்கிறாள். குரங்கரசனோடு ஒத்துப்போகும் மனிதர் ஒருவரைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறாள். தன் இனத்தின் பழைய தொழில்நுட்பம் குரங்குகள் கைக்குப் போகாதிருக்க, உள்ளே நோவாவும் இருக்கும்போதே கடல்நீரைத் திறந்துவிட்டுப் பதுங்கறையை மூழ்கடிக்கிறாள். கடைசியில் விடைபெற வரும்போதும் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வைத்திருக்கிறாள். கோபா செய்ததில் இவள் செய்யாதது அதிகம் இல்லை. ஆனால் படம் அவளைத் தண்டிக்கவில்லை, உயரத்திலிருந்து தள்ளவில்லை. தோற்ற இனத்துக்காக வஞ்சகமும் கொலையும் செய்துவிட்டு, காரணத்தைச் சொல்லவும் உயிரோடு திரும்பிப் போகவும் புதிய படங்கள் முதன்முதலாக ஒருவரை அனுமதித்திருக்கின்றன. அந்தச் சலுகை எந்தக் குரங்குக்கும் கிடைத்ததில்லை.